தோஃபார் பறவைப் பயணம்: ஒரே பள்ளத்தாக்குக்கு இரண்டு மதிப்பெண்

ஓமானின் தென்கோடியில் உள்ள தோஃபார் மலைப் பள்ளத்தாக்குகளுக்குப் பறவை பார்ப்போரை அழைத்துச் செல்லும் சலாலா நிறுவனம் ஒன்றின் சேவையை ஒரே ஆண்டில் இரண்டு முறை பணம் கொடுத்துப் பயன்படுத்தியிருக்கிறேன். முதல் முறை ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் ஒருநாள் பயணம்; அடுத்தது செப்டம்பர் கடைசி வாரத்தில் இரண்டு நாள் பயணம். முதலாவதற்கு ஐந்தில் ஒன்றரை மதிப்பெண்ணும் இரண்டாவதற்கு நாலேகாலும் தருவேன். வண்டியும் பள்ளத்தாக்கும் இரண்டு முறையும் அவையேதான். மாறியவை வாரமும் வழிகாட்டியும் மட்டுமே, அவற்றிலும் வாரத்துக்கே முக்கால் பங்கு என்பது என் கணக்கு. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஏறக்குறைய இதே பாதையில் பயணம் நடத்துவோர் சலாலாவில் வேறு சிலரும் இருப்பதால், இங்கே சொல்வது அவர்களிடம் முன்பதிவு செய்ய நினைப்பவர்களுக்கும் பயன்படும்.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்குச் சலாலா என்றாலே கரீஃப்தான் நினைவுக்கு வரும். ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை என்று நாட்காட்டியில் வரையறுக்கப்பட்ட அந்தச் சாரல் பருவத்தில், அரேபியாவின் மற்ற பகுதிகள் வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது, தோஃபாரின் கடலோர மலைகள் மட்டும் பச்சைப் போர்வை போர்த்திக்கொள்ளும். 2024 கரீஃபில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வந்துபோயிருக்கிறார்கள். நிறுவனத்தின் இணையப் பக்கமும் அந்தக் கூட்டத்தையே குறிவைத்து எழுதப்பட்டிருந்தது: பசுமையான பள்ளத்தாக்கின் படம், அதன் மூலையில் ஒரு சாம்பல்தலை மீன்கொத்தி, கீழே ‘பசுமைப் பருவத்தில் 60 பறவை இனங்கள் வரை’ என்ற உறுதிமொழி. ஒருவருக்கு 35 ரியால். நானும் என் மைத்துனரும் பணத்தைக் கட்டிவிட்டு ஒன்றரை மணி நேரம் பறந்து போய் இறங்கினோம்.

அன்று பார்த்தவற்றைச் சொல்ல அதிக இடம் தேவையில்லை. காலை ஏழரைக்குத்தான் வண்டி விடுதிக்கு வந்தது. கடலோர ஊரான தாக்காவைத் தாண்டி இடப்புறம் திரும்பி வாதி தர்பாத் என்னும் பள்ளத்தாக்கின் மேட்டுச் சாலையில் ஏறியதும் மூடுபனிக்குள் புகுந்தோம். முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டுமே தெரிந்தது. பள்ளத்தாக்கின் தரையில் நூற்றுக்கணக்கான கார்களும், வாடகைப் படகுகளும், மக்காச்சோளம் சுடும் புகையும், குழந்தைகளின் கூச்சலும் நிறைந்திருந்தன. பைனாகுலரைத் துடைத்துவிட்டு மரத்தைப் பார்ப்பதற்குள் மறுபடியும் அதில் ஈரம் படிந்துவிடும். அருகில் எங்கோ தூக்கணாங்குருவிகள் சளசளத்தன. ஒரு மீன்கொத்தியின் கரிய உருவம் கிளையிலிருந்து தாவி வெண்மைக்குள் கரைந்தது. வழிகாட்டியாக வந்தவர் இனிய மனிதர்தான், ஆனால் வாசனைப் பிசின் கடைகளையும் அரண்மனை மதிலையும் காட்டிப் பழகியவர். பறவைக் குரல் கேட்டால் எங்களைப் பார்த்தார், நாங்கள் அவரைப் பார்த்தோம். மாலையில் கணக்குப் பார்த்தபோது உறுதியாகப் பெயர் சொல்லக்கூடிய இனங்கள் பதினொன்று. அவற்றில் ஒன்று வீட்டுக் காகம்.

இதில் பறவைகளின் குற்றம் ஒன்றுமில்லை. ஆகஸ்டில் அவை அங்கேதான் இருக்கின்றன, கூடு கட்டியும் குஞ்சு பொரித்தும் இருக்கின்றன. பார்க்கத்தான் முடியாது. காரணம் இந்தப் பள்ளத்தாக்கு எப்படிக் காடானது என்பதிலேயே இருக்கிறது. கோடையில் தென்மேற்குக் காற்று தோஃபார் கடற்கரையை ஒட்டி வீசும்போது மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ள, அடியாழத்தின் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஈரம் சுமந்து வரும் காற்று அந்தக் குளிர்ந்த கடலைத் தொட்டதும் அதன் ஈரம் மேகமாகிறது. அந்த மேகம் கரா மலைத்தொடரில் வந்து முட்டுகிறது. ஆனால் மேலெழும்பிப் பெருமழையாக முடியாதபடி, பாலைவனத்தின் வறண்ட சூடான காற்று அதன் தலைக்கு மேல் மூடிபோலக் கவிழ்ந்திருக்கிறது. ஆகவே இடி இல்லை, மின்னல் இல்லை, நம் ஊர்ப் பருவமழையின் ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. மூன்று மாதம் மலையின் கடல்பார்த்த சரிவில் மேகம் சும்மா உட்கார்ந்திருக்கிறது; முகட்டைக் கடந்து பின்பக்கம் இறங்குவதில்லை. அதனால்தான் முகட்டுக்கு இந்தப் பக்கம் காடும், சில கிலோமீட்டர் தள்ளி அந்தப் பக்கம் வெறுங்கல்லும் இருக்கின்றன.

அந்த மேகத்திலிருந்து தண்ணீரைக் கறந்து தருவது மரம். நம் வெக்காலி மரத்தின் நெருங்கிய உறவான, தோஃபாரிலும் அதை ஒட்டிய யேமனின் ஹவ்ஃப் பகுதியிலும் மட்டுமே இயற்கையாக வளரும் ஒரு மரம் இந்தக் காட்டின் தூண். கரீஃப் தொடங்கும்போது தளிர்த்து, மூடுபனித் துளிகளைத் தன் சிற்றிலைகளில் சேகரித்து, சொட்டுச் சொட்டாகத் தன் காலடியிலேயே ஊற்றிக்கொள்கிறது. திறந்த வெளியில் பெய்வதைவிட மரத்தடியில் அதிகத் தண்ணீர் இறங்குகிறது. பருவம் முடிந்து மண் காய்ந்ததும் இலையை உதிர்த்துவிட்டு அடுத்த ஜூனுக்காகக் காத்திருக்கும். அத்தியும், இலந்தையின் இனத்து மரங்களும், பள்ளத்தாக்குத் தரையில் புளியமரங்களும் அதனோடு சேர்ந்து நிற்கின்றன. அரேபியர்கள் ‘இந்தியப் பேரீச்சை’ என்று பெயர் வைத்த புளியின் அடியில், பெரும்பகுதி பாலைவனமான ஒரு நாட்டில் நின்றுகொண்டு, தலைக்கு மேல் ஆப்பிரிக்கப் பறவைகளைத் தேடுவது விசித்திரமான அனுபவம். கண்ணுக்குத் தெரிந்திருந்தால் ஆகஸ்டிலேயே அதை அனுபவித்திருப்பேன்.

ஊர் திரும்பியதும் நிறுவனத்துக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ‘உச்சக் கரீஃபில் பறவை தெரியாது என்பது உங்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா’ என்பதே அதன் சாரம். வழக்கமான மன்னிப்பு வாசகம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்த பதில் நேர்மையாக இருந்தது. ஆகஸ்டில் கேட்பவர்கள் அதிகம் என்பதால் விற்கிறோம், பறவைக்காகவே வருபவர்களை நாங்கள் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போடச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, மறுபடி வந்தால் ஆளுக்கு 15 ரியால் குறைத்துக்கொள்வதாக எழுதியிருந்தார்கள். இரண்டு நாள் பயணத்துக்கு 70 ரியால் என்ற கட்டணம் அப்படித்தான் எங்களுக்கு 55 ஆயிற்று. இந்தப் பதிலுக்காகவே மதிப்பெண்ணில் கால் கூட்டியிருக்கிறேன். ஆனால் இணையப் பக்கத்தில் அந்த உறுதிமொழி நான் இதை எழுதும் நாள் வரை மாறவில்லை.

கரீஃப் முடிந்ததும் வரும் பருவத்தைத் தோஃபார்வாசிகள் ‘ஸர்ப்’ என்கிறார்கள். மேகம் விலகி, வானம் நீலமாகி, காடு மட்டும் பச்சையாகவே நிற்கும் காலம் அது. சுற்றுலாக் கூட்டம் பெரும்பாலும் வடிந்துவிடும், மலைச்சாலை காய்ந்துவிடும். ஆப்பிரிக்காவிலிருந்து இனப்பெருக்கத்துக்கு வந்த கோடைப் பறவைகள் இன்னும் புறப்பட்டிருக்காது. வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகள் அதற்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். இருவகை விருந்தாளிகளும் ஒரே வீட்டில் இருக்கும் அந்தச் சில வாரங்களைத்தான் இந்த நிறுவனம் முதலில் விற்க வேண்டும். அதைப் பட்டியலின் கடைசியில், ‘பருவமல்லாத காலச் சலுகை’ என்ற தலைப்பில் போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது பயணத்தில் விடுதி வாசலில் வண்டி காலை நாலே முக்காலுக்கே நின்றது. இம்முறை வழிகாட்டி ஜிப்பாலி மொழி பேசும் மலைக் குடும்பத்து இளைஞர். சிறுவயதில் இதே சரிவுகளில் மாடு மேய்த்தவர், பிறகு பறவை பார்க்கக் கற்றுக்கொண்டவர். பெயர்ப் பட்டியலை ஒப்பிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதலில் தரையையும் மரத்தையும் பார்க்கச் சொல்லி, ‘இங்கே யார் குடியிருப்பார்கள்’ என்று கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகே பைனாகுலரை எடுக்கவிடுவார். முதல் அரை மணி நேரம் எனக்கு இது எரிச்சலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு வேறு விதமாகப் பறவை பார்க்கவே மனம் வரவில்லை.

முதல் நிறுத்தம் தர்பாத்தின் வாசலில் நிற்கும் மாபெரும் சுண்ணாம்புச் சுவரின் அடிவாரம். ஊற்று நீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படியவைத்த சுண்ணத்தால் உருவான, ஏறக்குறைய 100 மீட்டர் உயரச் சுவர் அது. நல்ல கரீஃபில் அதன் விளிம்பிலிருந்து அருவி விழும். 2018 மே மாதம் மெகுனு புயல் தாக்கியபோதும் பெருக்கெடுத்து விழுந்தது. நாங்கள் போனபோது அருவி இல்லை, கரும்பச்சை ஈரத்தடம் மட்டும்தான். ஆனால் அந்தத் தடத்தின் ஓட்டைகளிலும் தொங்கும் சுண்ண விழுதுகளிலும் டிரிஸ்ட்ராம் மைனாக்கள் குடியிருந்தன. உடல் முழுக்கப் பளபளக்கும் கறுப்பு, சிறகு விரிந்தால் மட்டும் செம்மஞ்சள் திட்டு. பாறையில் மோதி எதிரொலிக்கும் அவற்றின் சீழ்க்கை விடியலுக்கு முன்பே தொடங்கிவிட்டது. வெளிச்சம் வந்ததும் கல்சரிவில் அரேபியக் கௌதாரிகள் வரிசையாக ஓடின. கறுப்பு உச்சியும் வெள்ளைப் புருவமும் கொண்ட, நம் காட்டுக் கௌதாரியைவிடக் கணிசமாகப் பெரிய பறவை அது. அரேபியத் தீபகற்பத்தின் தென்மேற்கு, தெற்கு விளிம்புகளை விட்டு வேறெங்கும் கிடையாது.

பிறகு சுவரின் மேலே, பள்ளத்தாக்குக்குள். இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த மூன்று மணி நேரம் இங்கேதான் கழிந்தது. படகுகள் கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வழிகாட்டி எங்களைக் குளக்கரைக்குக் கூட்டிப்போகாமல் அதற்கு முதுகைக் காட்டி நிற்கவைத்தார். சாம்பல்தலை மீன்கொத்தியைக் காட்டத்தான். பெயரில் மீன் இருந்தாலும் இதற்குத் தண்ணீர் தேவையில்லை. காய்ந்த காட்டில் தாழ்ந்த கிளையொன்றில் அசையாமல் அமர்ந்து, கீழே புல்லில் வெட்டுக்கிளியோ பல்லியோ நகர்ந்தால் கல் விழுவதுபோல விழும். சாம்பல் தலை, கறுப்பு முதுகு, செம்பழுப்பு வயிறு, சிவந்த அலகு. பறக்கும்போதுதான் இறகிலும் வாலிலும் அந்த நீலம் வெடித்துத் தெரியும். பள்ளத்தாக்கில் பெரிய மரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தது. இன்னும் சில வாரங்களில் இவை அனைத்தும் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டுவிடும் என்றார் அவர்.

அடுத்து ஒரு வேல மரத்தின் கீழ் முக்கால் மணி நேரம். கிளை நுனிகளில் ரூப்பெல் தூக்கணாங்குருவிகளின் கூடுகள் தொங்கின. நம் வயல்வெளித் தூக்கணாங்குருவி கட்டும் நீண்ட குழாய் இவற்றில் இல்லை. உருண்டையான பந்து, அடியில் ஒரு வாய். மஞ்சள் உடலும் செம்பழுப்பு முகமும் கொண்ட ஆண்கள் பாதி கூடுகளைக் கைவிட்டிருந்தன. மீதிக் கூடுகளில் ஒன்றின் அருகே பறக்கத் தொடங்கிய ஒரு குஞ்சு, தன்னைவிடச் சிறிய தாயிடம் வாயைப் பிளந்து உணவு கேட்டுக்கொண்டிருந்தது. அது தூக்கணாங்குருவிக் குஞ்சே அல்ல, டிட்ரிக் குயிலின் குஞ்சு. வெண்கலப் பச்சை முதுகு கொண்ட அந்தச் சிறிய குயில், தூக்கணாங்குருவியின் முட்டையைப் போலவே நிறம் கொண்ட முட்டையை இட்டுவிட்டுப் போய்விடும். தன் பெயரையே திரும்பத் திரும்பக் கூவும் ஆண் குயிலின் குரல் தூரத்தில் இரண்டு முறை கேட்டது. காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலைப் பற்றிச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த எனக்கும் மைத்துனருக்கும், அந்தக் கதையின் இன்னொரு வடிவத்தைக் கண்ணெதிரே பார்த்தபோது பேச்சு வரவில்லை. வழிகாட்டியும் பேசவில்லை. எப்போது விளக்கம் தர வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரிந்த வழிகாட்டிகள் அபூர்வம்.

புளியந்தோப்பில் வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக இலைக்கு இலை தாவின. ஆப்பிரிக்க அரசவால் ஈப்பிடிப்பான் ஒன்று நிழலுக்குள் வந்து சுழன்றுவிட்டுப் போயிற்று. நம் அரசவாலின் முதிர்ந்த ஆண் வெள்ளைப் பட்டு உடுத்தியிருக்கும்; இதுவோ செம்பழுப்பு முதுகும் நீண்ட செம்பழுப்பு வாலும், இறகில் மட்டும் அகன்ற வெள்ளைப் பட்டையும் கொண்டது. அத்தி மரத்தில் புரூஸ் பச்சைப்புறாக்கள் இருந்தன என்று சொல்வதைவிட, அத்தி மரம் அசைந்தது என்று சொல்வதே சரி. பழம் கீழே விழுகிறது, கிளை ஆடுகிறது, பறவை மட்டும் தெரியவில்லை. ஸ்கோப் என்னும் முக்காலித் தொலைநோக்கியை வைத்துப் பொறுமையாகத் தேடி, இலை இடைவெளியில் ஒரு மஞ்சள் வயிற்றை வழிகாட்டி காட்டினார். புதருக்குள்ளிருந்து கருமுடிச் சாக்ரா என்னும் கீச்சானின் உறவுப் பறவை, வேலையில்லாதவன் ஒருவன் சுருதி இறங்க இறங்கச் சீட்டியடிப்பது போலப் பாடிக்கொண்டே இருந்தது. தேன்சிட்டுகளில் இரண்டு வகை: செம்பட்டை மார்பில் மின்னும் பெரிய வகை ஒன்று, பாலஸ்தீனத் தேன்சிட்டு என்னும் கருநீலச் சிறிய வகை ஒன்று. இவற்றில் ஒன்றைக்கூட ஆகஸ்டில் நாங்கள் பார்த்திருக்கவில்லை.

மதியத்துக்குமேல் பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில் உள்ள புல்வெளிக்கு ஏறினோம். அங்கே பறவை குறைவு. பாடும் வானம்பாடியும் பாறைகளில் செம்பழுப்பு வயிற்றுச் சிட்டுகளும்தான். ஆனால் வழிகாட்டி அந்த இடத்தை விடவில்லை. சரிவில் நின்ற மரங்களைக் காட்டினார். எல்லாவற்றுக்கும் அடிப்பகுதி ஒரே உயரத்தில் மட்டம் பார்த்து வெட்டியதுபோல இருந்தது. கழுத்தை நீட்டி ஒட்டகம் எட்டக்கூடிய உயரம் அது. கரீஃபில் மலை வழுக்கும் என்பதால் ஒட்டகங்களைச் சமவெளிக்கு இறக்கிவிடுவார்கள், ஸர்ப் தொடங்கியதும் ஏற்றிவிடுவார்கள். கால்நடைகளின் எண்ணிக்கை பெருகப் பெருக இலைப்பரப்பு குறைகிறது. இலை குறைந்தால் மூடுபனியிலிருந்து வடிக்கும் தண்ணீர் குறைகிறது, தண்ணீர் குறைந்தால் கன்று பிழைப்பதில்லை. மரம் போன இடத்தில் புல் வருகிறது, புல்லால் மரத்தளவுக்கு மேகத்தைக் கறக்க முடிவதில்லை. தன் சொந்தக் குடும்பத்துக்கும் ஒட்டகங்கள் உண்டு என்று சொல்லிவிட்டே இதைச் சொன்னார். தயங்காமல், அதேசமயம் யாரையும் திட்டாமல் அவர் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. இணையப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

இரவு நிகழ்ச்சிதான் இந்தச் சேவையின் பலவீனமான பகுதி. ஐன் ஹம்ரான் ஊற்றின் அருகே, அரேபியச் சிறு கொம்பு ஆந்தையைத் தேடி ஏழு மணிக்குப் போனோம். இருட்டில் இறங்கியதும் வழிகாட்டி சட்டைப் பையிலிருந்து கையடக்க ஒலிபெருக்கி ஒன்றை எடுத்து, பதிவு செய்த ஆந்தைக் குரலை ஓடவிட்டார். போட்டி ஆந்தை வந்துவிட்டதென்று எண்ணி உண்மையான ஆந்தை தன் வேலையை விட்டுவிட்டு நெருங்கி வரும் என்பதே இதன் தந்திரம். ஒருமுறை செய்தால் பெரிய கேடில்லை என்பார்கள்; ஆனால் வாரத்துக்கு நாலு வண்டி வந்து அதே மரத்தடியில் அதே குரலை ஓடவிட்டால், அந்த ஆந்தை வேட்டையாடுவது எப்போது? மூன்றாவது முறை அவர் பொத்தானை அழுத்தப் போனபோது வேண்டாம் என்றேன். முகம் சுளிக்காமல் பைக்குள் வைத்துவிட்டார். இருபது நிமிடம் சும்மா நின்றோம், கொசு கடித்தது, பிறகு ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது தானாகவே கத்தியது. பார்க்கவில்லை, கேட்டதே போதுமானதாக இருந்தது. வாடிக்கையாளர் கேட்காவிட்டால் ஒலிபெருக்கி, கேட்டால் நிறுத்தம் என்றில்லாமல், நிறுவனமே இதற்கொரு விதி வகுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் நாள் அவ்வளவு செறிவாக இல்லை. தாவி அதைர் என்னும் 211 மீட்டர் ஆழமுள்ள இயற்கைக் கிணற்றின் விளிம்பில் ஒரு மணி நேரம் நின்றோம். அந்தப் பெயருக்கே ‘பறவைக் கிணறு’ என்றுதான் பொருள். அடியிலிருந்து எழும் குரல்கள் மேலே வருவதற்குள் கலந்து ஒரே இரைச்சலாகிவிடுகின்றன. தன் முக்கிய வாழிடத்திலிருந்து வெகு தூரம் பிரிந்து இங்கே தனித்து வாழும் யேமன் செரின் என்னும் மங்கலான தானியக் குருவியைக் காட்டினார். அதன் அருமை தெரிந்தவருக்கு மட்டுமே அது அழகு. ஜபல் சம்ஹான் முகட்டில் கருங்கழுகு ஒன்று, முதுகில் வெள்ளைக் குறியுடன், எங்கள் கண்மட்டத்துக்குக் கீழே மிதந்து சென்றது. ஹைராக்ஸ் என்னும் குழிமுசலை உண்டு வாழும் கழுகு அது. மைத்துனர் இந்தப் பயணத்திலேயே இதுதான் உச்சம் என்கிறார். நான் குயில் குஞ்சை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தர்பாத்தின் நீர் கடலைத் தேடிப் போய்ச் சேருமிடம் கோர் ரோரி. பழைய சாம்பிராணித் துறைமுகமான சும்ஹுரத்தின் இடிபாடுகள் மேலே, மணல்திட்டால் கடலிலிருந்து பிரிந்த உப்பங்கழி கீழே. 2000-ஆம் ஆண்டு முதல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இருக்கும் இடம். பூநாரைகள், அரிவாள் மூக்கன்கள், கரண்டிவாயன்கள், வடக்கிலிருந்து அப்போதுதான் வந்து இளைத்துப்போய் நின்ற உள்ளான்கள் என்று நல்ல கூட்டம். ஆனால் உச்சிவெயிலில், கானல் நடுங்கும் நேரத்தில் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது நேரத்திட்டத்தின் பிழை. முதல் நாள் மாலைப் புல்வெளியையும் இதையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். கடைசியாக மலைக்கு வடக்கே, சலாலாவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, சாம்பிராணி மரங்கள் நிற்கும் வாதி தவ்காவுக்குப் போனோம். மேகம் எட்டாத பூமி அது. முந்தைய நாள் பார்த்த எதுவும் இங்கே இல்லை. மண் நிறத்தில் பாலைவன வானம்பாடி ஒன்று, கரிய வாலை விசிறிபோல விரித்து மூடும் கருவாற்குருவி ஒன்று, அவ்வளவே. அந்த வெறுமையைக் காட்டத்தான் கூட்டிவந்திருக்கிறார் என்பது திரும்பும் வழியில் புரிந்தது.

நடைமுறை விவரங்களுக்கு வருகிறேன். வண்டி நான்கு சக்கர இயக்கம் கொண்டது, சுத்தமாக இருந்தது. ஆறு பேர் ஏறலாம் என்கிறார்கள், நான்கு பேருக்கு மேல் ஏறினால் ஜன்னல் இல்லாதவர் பறவையைக் கேட்க மட்டுமே முடியும். இரவல் பைனாகுலர்கள் 8 மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் வில்லையும் கொண்டவை, தரமானவை. ஆனால் கழுத்துப் பட்டைகள் நைந்திருக்கின்றன. ஸ்கோப் மிக நல்லது. மதிய உணவாகச் சாலையோரக் காபி ஷாப்பில் முட்டை பராட்டாச் சுருளும் கரக் டீயும் கிடைத்தன, எனக்குக் குறையில்லை. சைவம் மட்டும் உண்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கழிப்பறை தர்பாத்தின் நுழைவுப் பகுதியை விட்டால் பிறகு வெகுதூரம் கிடையாது. முதியவர்களோடு வருபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளவும். குளங்களில் காலை நனைக்கவும் கூடாது என்று வழிகாட்டி முதலிலேயே எச்சரித்தார். தோஃபாரின் நன்னீர் நத்தைகள் பரப்பும் ஒட்டுண்ணி நோய்தான் காரணம். பறவைப் பட்டியல் அச்சிட்டுத் தருகிறார்கள், அதில் உள்ளூர் ஜிப்பாலிப் பெயர்களையும் சேர்த்தால் அதைப் பத்திரப்படுத்தி வைக்கத் தோன்றும். எங்கள் பட்டியலில் இரண்டு நாளில் 58 இனங்களுக்குக் குறியிட்டிருந்தோம்.

பறவை பார்ப்பதில் புதியவர்கள் செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் நடுவரை உள்ள ஏதாவதொரு நாளைத் தேர்ந்தெடுத்து, முதல் நாள் பயணத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். முன்பதிவின்போது மலைக்காரர் வழிகாட்டியாக வருவாரா என்று கட்டாயம் கேட்கவும். மூடுபனியில் நனைய ஆசைப்பட்டு ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம், அதுவும் ஓர் இன்பம்தான். அதற்குப் பறவைப் பயணக் கட்டணம் கொடுக்க வேண்டாம், வாடகைக் கார் போதும்.

வரும் பிப்ரவரிக்கு மூன்றாவது முறையாக இடம் கேட்டிருக்கிறேன். கழுகுகளைப் பார்க்க ஆசை. குளிர்காலத்தில் சலாலாவை அடுத்த ரைசூத் குப்பைமேட்டைச் சுற்றிப் புல்வெளிக் கழுகுகள் நூற்றுக்கணக்கில் இறங்கும் என்பது பறவை பார்ப்போர் அனைவரும் அறிந்த செய்தி. முன்பணம் அனுப்பும் முன்பே அதே இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். அப்போது மரங்களில் இலை இருக்காது, மீன்கொத்தியும் டிட்ரிக் குயிலும் ஆப்பிரிக்காவில் இருக்கும், பச்சைப்புறா பெரும்பாலும் கிடைக்காது, இதெல்லாம் தெரிந்துதான் வருகிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் தேதியைக் குறித்துக்கொண்டார்.